12.5 பாகையில் நின்று வானத்தைப் படமெடுக்கும் கணக்கு

தை அமாவாசை இரவு. ஜவ்வாது மலையில் தெரிந்தவர் ஒருவர், சாமை அறுத்த நிலத்தின் ஓரத்தில் டெலஸ்கோப் வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருந்தார். ஓரியன் நெபுலா (வானில் ஒளிரும் ஒரு வாயு மேகம்) நன்றாக மேலே ஏறட்டும் என்று ஒன்பதரை மணி வரை காத்திருந்தேன். எல்லாப் புத்தகமும் அதைத்தான் சொல்லும்: பொருள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நடுவில் காற்று குறைவு, படம் தெளிவு. பிறகு ஒன்றாகச் சேர்ப்பதற்காக, 20 நொடி வீதம் நூறு படம் எடுத்தேன். மறுநாள் வீட்டில் கணினியில் திறந்து பார்த்தால், நடுவில் நட்சத்திரங்கள் அழகான புள்ளிகளாக இருந்தன, ஓரத்துக்குப் போகப் போக வளைந்த கோடுகளாக நீண்டு, மூலையில் ஒவ்வொன்றும் 14 பிக்சல் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு கிடந்தன. நூறு படமும் அப்படியே.

முக்காலி ஆடியதா, காற்று அடித்ததா, மோட்டார் தவறியதா என்று இரண்டு வாரம் மண்டையைக் குடைந்தேன். கடைசியில் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது, கருவியில் எந்தக் குறையும் இல்லை. நான் படித்த அறிவுரையெல்லாம் 45, 50 பாகை வடக்கில் இருப்பவர்கள் தங்கள் வானத்துக்கு எழுதியது. சூத்திரம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் போடும் எண்கள் நம்முடையவையாக இருக்க வேண்டும். அன்றிலிருந்து யார் சொன்ன எக்ஸ்போஷர் நேரத்தையும் (ஒரு படத்துக்குக் கேமரா திறந்திருக்கும் நேரம்) நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. 12.5 பாகை அட்சரேகையில், வெயில் ஊரில், பழைய கேமராவோடு நிற்கும் எனக்கு என்ன வருகிறது என்று போட்டுப் பார்த்த கணக்குகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படைக் கணக்கு, இது இல்லாமல் எதுவும் நகராது. வானத்தில் நாம் அளப்பது கோணத்தை. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. பஞ்சாங்கம் புரட்டும் வீடுகளில் இந்தச் சொற்கள் புதிதல்ல. நிலா சுமார் 31 கலை அகலம், வியாழன் நமக்குப் பக்கத்தில் வரும் மாதங்களில் 45 விகலை. ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலையைப் பிடிக்கிறது என்று தெரிய, பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து 206.265-ஆல் பெருக்கி, டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து வகுக்க வேண்டும். 206265 என்பது ஒரு ரேடியனில் உள்ள விகலைகளின் எண்ணிக்கை. மைக்ரானுக்கும் மில்லிமீட்டருக்கும் நடுவே ஓர் ஆயிரம் இருப்பதால் அது 206.265 ஆகிறது, அவ்வளவுதான். என்னிடம் இருப்பது 6 அங்குல நியூட்டோனியன், கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் வகை: 150 மி.மீ. கண்ணாடி, 750 மி.மீ. குவியத் தூரம், ஒன்றை மற்றதால் வகுத்தால் எஃப்/5. கேமரா பழைய கேனான் 600டி, பிக்சல் 4.3 மைக்ரான். விடை, பிக்சலுக்கு 1.18 விகலை.

இந்த 1.18-ஐ வைத்துக்கொண்டு பல கேள்விகளுக்கு வீட்டிலேயே பதில் கிடைத்துவிடும். காற்றின் நடுக்கத்தால் ஒரு நட்சத்திரம் நம் பக்கத்தில் 2 அல்லது 3 விகலை அகலத்துக்குப் பரவித்தான் தெரிகிறது. அது இரண்டு மூன்று பிக்சலில் விழும், ஆகவே இந்தக் கேமராவும் இந்தக் குழாயும் நல்ல ஜோடி, இதைவிடச் சின்ன பிக்சலுக்குச் செலவு செய்வது நெபுலா படத்துக்கு வீண். சென்சாரின் அகலம் 22.3 மி.மீ. அதை 750-ஆல் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால் 1.7 பாகை, உயரத்துக்கு 1.1 பாகை. நிலா தாராளமாக அடங்கும். ஓரியன் நெபுலா கிட்டத்தட்ட ஒரு பாகை, அதுவும் அடங்கும். ஆண்ட்ரோமீடா கேலக்ஸி 3 பாகை நீளம், ஒரே படத்தில் வராது, துண்டு துண்டாக எடுத்துத்தான் ஒட்ட வேண்டும்.

மோட்டார் இல்லாத டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டிவிட்டு எத்தனை நொடி வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. 1.18-ஆல் வகுத்தால் 12.7 பிக்சல். ஒரு பிக்சலுக்குள் நிற்க வேண்டுமென்றால் நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. 500-ஐக் குவியத் தூரத்தால் வகுக்கச் சொல்லும் விதி ஒன்று எல்லோரிடமும் சுற்றுகிறது, அதன்படி 750-க்கு 0.67 நொடி வரும், அந்த நேரத்தில் நட்சத்திரம் 8 பிக்சல் நீண்டிருக்கும். அகன்ற லென்ஸில் பால்வெளி எடுக்க அது போதும், டெலஸ்கோப்புக்கு அதைக் கொண்டுவரக் கூடாது. நிலாவை மட்டும் கவலையில்லாமல் எடுக்கலாம், அது அவ்வளவு வெளிச்சம்.

சரி, தை அமாவாசைக்கு வருவோம். அன்று என்னிடம் இருந்த மவுண்ட், அதாவது டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் அடிப்பாகம், இடம் வலமாகவும் மேல் கீழாகவும் திரும்பி, குறிவைத்த பொருளைப் பின்தொடரும் வகை. பொருள் நடுவிலேயே நிற்கும், அதில் குறையில்லை. ஆனால் கேமரா எப்போதும் தரைக்கு நேராக நிமிர்ந்தே இருக்கிறது. ராட்டினத்தில் தொட்டில் நிமிர்ந்தே இருக்க, சக்கரம் மட்டும் சுற்றுவதைப் போல, கேமரா நிமிர்ந்திருக்க அதன் கண்ணெதிரே வானம் சுழல்கிறது. அந்தச் சுழற்சி எவ்வளவு வேகம்? 15.04-ஐ நம் அட்சரேகையின் கொசைனாலும் பொருள் இருக்கும் திசைக்கோணத்தின் (வடக்கிலிருந்து அளப்பது) கொசைனாலும் பெருக்கி, உயரக்கோணத்தின் கொசைனால் வகுத்தால், மணிக்கு எத்தனை பாகை என்று கிடைக்கும்.

ஜவ்வாது மலையில் ஓரியன் நெபுலா நடுவானைக் கடக்கும்போது தெற்கே 72 பாகை உயரத்தில் நிற்கிறது. எண்களைப் போட்டால் மணிக்கு 48 பாகை! அதே நெபுலா லண்டனில் நடுவானைக் கடக்கும்போது 33 பாகை உயரம், அங்கே சுழற்சி மணிக்கு 11 பாகைதான். படச்சட்டத்தின் மூலை நடுவிலிருந்து 3,115 பிக்சல் தள்ளி இருக்கிறது, அங்கே ஒரு பிக்சல் நகர லண்டனில் கிட்டத்தட்ட 6 நொடி ஆகும், நமக்கு 1.4 நொடி. நான் வைத்த 20 நொடிக்கு 14 பிக்சல். படத்தில் அளந்த அதே 14. அந்த எண் பொருந்திய நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை, படம் போனது கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று அந்தச் சூத்திரத்திலேயே இருக்கிறது. நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் திசைக்கோணத்தின் கொசைன் பூஜ்யம், அங்கே சுழற்சியே இல்லை. ஓரியன் நெபுலா கிழக்கே எழுந்து 30 பாகை உயரம் வந்திருக்கும்போது சுழற்சி மணிக்கு 4 பாகைதான். ஒரு பிக்சல் நகர 16 நொடி. அந்த உயரத்தில் நடுவே இருக்கும் காற்று இரண்டு மடங்கு, உண்மைதான், ஆனாலும் இந்த மவுண்ட் வைத்திருப்பவர் உச்சிக்குக் காத்திருக்கக் கூடாது. மாலை இருட்டியதும் கிழக்கே ஏறுவதை எடுக்க வேண்டும், அல்லது மேற்கே இறங்குவதை. நம் ஊரில் தலைக்கு மேலே வருவதை எடுக்காதே என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

அப்புறம் காசு சேர்த்து, துருவத்தை நோக்கி அச்சைச் சாய்த்துச் சுற்றும் மவுண்ட் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதில் வானத்தோடு சேர்ந்து கேமராவும் சுற்றும், மேலே சொன்ன தொல்லை போய்விடும். ஆனால் இங்கேயும் 12.5 குறுக்கே வந்து நிற்கிறது. அச்சைத் தரையிலிருந்து 12.5 பாகைக்குத் தாழ்த்த வேண்டும். பல மவுண்ட்களில் அவ்வளவு தாழ்த்தினால் எடைக்கட்டைக் கம்பி முக்காலியின் காலில் போய் இடிக்கும். துருவ நட்சத்திரமோ தொடுவானத்துப் புழுதியிலும் மரங்களுக்குப் பின்னாலும் மறைந்து மறைந்து தெரியும். அது சரியாகத் துருவத்திலும் இல்லை, முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி, 38 கலை அருகில் இருக்கிறது.

அச்சு ஒரு கலை தவறினால் படம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.26 விகலை நகரும். இது மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய எண். துருவ நட்சத்திரத்தையே துருவம் என்று நினைத்து அச்சை வைத்தால் 38 கலை தவறு, நிமிடத்துக்கு 10 விகலை, எனக்கு 8 பிக்சல். துருவக் காட்டியில் (மவுண்ட்டின் அச்சில் உள்ள சின்ன டெலஸ்கோப்) வட்டம் பார்த்துச் சரியாக வைத்தால் இது தீரும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் காற்றுமண்டலம் ஒளியை வளைக்கிறது, தாழ்ந்த பொருளை அதிகம் வளைக்கிறது. 12.5 பாகை உயரத்தில் அந்த வளைவு 4.4 கலை. துருவ நட்சத்திரம் உண்மையில் இருக்கும் இடத்துக்கு 4.4 கலை மேலே நமக்குத் தெரிகிறது, அதைப் பார்த்துச் சரிசெய்த அச்சும் அத்தனை மேலே நிற்கிறது, படமெடுக்கும் பொருளோ தலைக்கு மேலே வளைவில்லாத இடத்தில் இருக்கிறது. விளைவு, எவ்வளவு கவனமாக வைத்தாலும் நிமிடத்துக்கு ஒரு விகலைக்குச் சற்று மேல் நகர்வு. லண்டன்காரருக்கு இந்த வளைவு 0.8 கலை, அவர் இதை மறந்துவிடலாம், நாம் மறக்க முடியாது. இப்போது நான் துருவக் காட்டியில் வைத்த பிறகு, நட்சத்திரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சில நிமிடம் பார்த்து அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துகிறேன். கால் மணி நேரம் கூடுதல், அதற்குத் தகுந்த பலன் உண்டு.

மவுண்ட்டின் பற்சக்கரமும் தன் பங்குக்குத் தவறும். என்னுடையதில் 144 பல், அதைத் திருப்பும் புழுத்திருகு ஒரு சுற்றுச் சுற்ற 598 நொடி. அந்தப் பத்து நிமிடத்தில் நட்சத்திரம் முன்னும் பின்னுமாக மொத்தம் 40 விகலை ஆடுவதை அளந்தேன். ஆட்டம் வேகமாக இருக்கும் கட்டத்தில் நொடிக்கு 0.21 விகலை, 30 நொடியில் 6 விகலைக்கு மேல், அதாவது 5 பிக்சல். ஆட்டம் திரும்பும் இடத்தில் மட்டும் படம் புள்ளியாக வரும். 30 நொடி வைத்தால் பாதிப் படத்தைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் கேட்கும் அந்தக் கேள்வி. போன மாதம் கூட ஒரு தம்பி கூப்பிட்டு, “அண்ணே, ஒரு படத்துக்கு எத்தனை நொடி வைக்கணும்?” என்றார். “உங்க வானம் எவ்வளவு வெளிச்சம் தம்பி?” என்று கேட்டேன். பதில் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு முறை படத்தைச் சென்சாரிலிருந்து படிக்கும்போதும் கேமரா கொஞ்சம் இரைச்சலை, அதாவது படத்தில் மணல் தூவியது போன்ற கரகரப்பை, சேர்க்கிறது. என் கேமராவுக்கு ஐஎஸ்ஓ 1600-இல் அது பிக்சலுக்கு 3 எலக்ட்ரான் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். வானத்தின் வெளிச்சமும் பிக்சலில் எலக்ட்ரான்களை நிரப்புகிறது, அதற்கும் ஓர் இரைச்சல் உண்டு. வானத்தின் இரைச்சல் கேமராவின் இரைச்சலை மூழ்கடிக்கும் வரை ஒரு படம் நீள வேண்டும், அதற்கு மேல் நீட்டுவதில் லாபம் குறைவு. கேமராவின் இரைச்சலை வர்க்கம் செய்து 10-ஆல் பெருக்கினால் 90 எலக்ட்ரான். அத்தனை எலக்ட்ரான் வானத்திலிருந்து வந்து சேரும் நேரம்தான் நமக்குத் தேவையான நேரம், அப்படிச் செய்தால் ஒரே நீளமான படம் எடுப்பதைவிட இரைச்சல் 5 சதவீதம்தான் கூடும். நகரத்து மொட்டைமாடியில் வானம் நொடிக்கு 4 எலக்ட்ரான் கொட்டுகிறது என்றால் 22 நொடி போதும். மலையில் 0.25 எலக்ட்ரான்தான் என்றால் 360 நொடி, ஆறு நிமிடம். உங்கள் வானத்தின் எண்ணை நீங்களே அளந்துகொள்ளலாம்: வானத்தை ஒரு படம், மூடியைப் போட்டு மிகக் குறைந்த நேரத்தில் ஒரு படம், இரண்டின் சராசரியையும் கழித்து, ஒரு எண்ணுக்கு எத்தனை எலக்ட்ரான் என்ற கெயினால் பெருக்கி, நொடிகளால் வகுக்க வேண்டும்.

அந்த 4-க்கும் 0.25-க்கும் நடுவே 16 மடங்கு. வானத்தின் இருட்டை அளக்கும் கணக்கில் நகரம் 18, மலை 21 என்று மூன்று மேக்னிட்யூட் (எண் கூடினால் இருட்டு அதிகம்) வித்தியாசம் இருந்தால் வருவது இந்த 16-தான். மங்கலான பொருளை எடுப்பதில் மலையில் ஒரு மணி நேரம், மொட்டைமாடியில் 16 மணி நேரத்துக்குச் சமம். மூன்று மணி நேர மலை இரவுக்கு 48 மணி நேரம்! நகரத்தில் மேகம் இல்லாத 48 மணி நேர இருட்டைச் சேர்க்க எனக்கு ஒரு வருடம் போதாது.

ஆனால் என் மவுண்ட் ஆறு நிமிடம் தாங்காதே? தாங்க வேண்டாம். 30 நொடி மட்டுமே வைத்தால் வானத்திலிருந்து 7.5 எலக்ட்ரான், கேமராவின் பங்கு 9. இரண்டும் சேர்ந்து, அதே தரம் கிடைக்க 2.2 மடங்கு நேரம் எடுக்க வேண்டும். அதில் பாதிப் படத்தைத் தூக்கிப் போட்டால் 4.4 மடங்கு. 4.4 என்பது 16-ஐவிட மிகவும் குறைவு. மவுண்ட் சரியில்லை, அதனால் மலைக்குப் போய்ப் பயனில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பத்தியை எழுதினேன். போங்கள். இப்போது நான் 200 மி.மீ. குவியத் தூரமுள்ள சின்னக் குழாய் ஒன்றை மேலே கட்டி, 3.75 மைக்ரான் பிக்சல் கேமராவை வைத்து, ஒரு நட்சத்திரத்தைத் தொடர்ந்து பார்த்தபடி மவுண்ட்டைத் திருத்துகிறேன். அதில் ஒரு பிக்சல் 3.87 விகலை, மென்பொருள் நட்சத்திரத்தின் நடுவைப் பிக்சலில் பத்தில் ஒரு பங்கு வரை கண்டுபிடிப்பதால் 0.4 விகலை வரை தெரிந்துவிடும், என் 1.18-க்கு அது போதும். இரண்டு நிமிடம் வீதம் எடுக்கிறேன், கணக்குப்படி 1.3 மடங்கு நேரம். ஆறு நிமிடத்துக்கு நீட்டவும் முடியும், ஆனால் ஒரு காற்று வீசினால் போவது ஆறு நிமிடமாக இருக்கும்.

வெயில் ஊரின் கணக்கு தனி. சென்சார் சூடானால் வெளிச்சம் இல்லாமலேயே எலக்ட்ரான் உருவாகும், ஏறத்தாழ 6 டிகிரிக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். தை மாதம் மலையில் 14 டிகிரி, சித்திரையில் 26 டிகிரி என்றால் நான்கு மடங்கு. குளிர் நாட்டுக்காரர் 2 டிகிரியில் எடுத்த படத்தோடு நம் சித்திரைப் படத்தை ஒப்பிட்டால் 16 மடங்கு. அதனால் இந்தச் சூட்டின் பங்கைக் கழிப்பதற்கான மூடி போட்ட படங்களை வீட்டில் என்றோ எடுத்ததை வைத்து ஒப்பேற்றக் கூடாது, அதே இரவில், அதே சூட்டில், அதே நீளத்தில் எடுக்க வேண்டும். நான் கிளம்பும் முன் டெலஸ்கோப்பைக் கழற்றும் நேரத்தில் கேமராவை மூடி போட்டு ஓட விட்டுவிடுவேன்.

ஃபோகஸும் சூட்டோடு நகரும். எஃப்/5-இல் ஃபோகஸ் சரியாக இருக்கும் ஆழம் மொத்தமே 67 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன். என் குழாய் இரும்பு, 750 மி.மீ. நீளத்துக்கு ஒரு டிகிரிக்கு 9 மைக்ரான் சுருங்கும். ஏழு மணிக்கு 24 டிகிரியில் ஃபோகஸ் வைத்துவிட்டு நள்ளிரவில் 15 டிகிரிக்கு வந்தால் 81 மைக்ரான். ஆழத்தைத் தாண்டிவிட்டது. ஃபோகஸைச் சரிபார்க்க டெலஸ்கோப்பின் முன்னால் மாட்டும் பக்தினோவ் மாஸ்க்கைப் பையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கிறேன்.

வியாழன் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் அது வேறு விளையாட்டு. நெபுலா கேமராவில் வியாழன் 38 பிக்சல்தான். கிரகத்துக்கு 2.9 மைக்ரான் பிக்சல் கேமரா வைத்து, பிக்சல் அளவை 5-ஆல் பெருக்கினால் வரும் 14.5 தான் வேண்டிய எஃப் எண். 3 மடங்கு பார்லோ (குவியத் தூரத்தை நீட்டும் லென்ஸ்) போட்டால் எஃப்/15, பிக்சலுக்கு 0.27 விகலை, வியாழன் 169 பிக்சல். 5 மடங்கு பார்லோ போட்டால் இன்னும் பெரிதாக வரும், ஆனால் 150 மி.மீ. கண்ணாடியால் 0.8 விகலைக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது, பெரிதாவது மங்கல் மட்டும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுவதால் அதன் நடுவில் உள்ள ஒரு புள்ளி ஒரு பிக்சல் நகர 67 நொடி. வீடியோ இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் பட்டைகளின் நுணுக்கம் கரையத் தொடங்கும்.

இவ்வளவு நேரம் 12.5 பாகை நமக்கு வைக்கும் இடைஞ்சல்களையே எழுதினேன். அதே ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு ஆய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் கண்ணாடி, எஃப்/3.25. குவியத் தூரம் 7.6 மீட்டர், 206265-ஐ அதால் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு 27 விகலை, என் ஆறு அங்குலத்துக்குப் போட்ட அதே கணக்கு. அந்த இடத்தின் பெரிய பலம் இந்தத் தாழ்ந்த அட்சரேகைதான்: வடக்கு வானத்தோடு தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். கரீனா நெபுலா 18 பாகை உயரத்துக்கு வருகிறது. ஒமேகா சென்டாரி, வானத்தின் மிகப் பெரிய கோளக் கொத்து (உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டம்), 30 பாகைக்கு வருகிறது. லண்டனில் அது எழுவதே இல்லை.

ஏப்ரல் நடுவில் வரும் அமாவாசைக்கு ஒமேகா சென்டாரியை எடுக்கப் போகிறேன். 36 கலை அகலம், என் சட்டத்தில் 1,830 பிக்சல், 3,456 உயரத்தில் சுற்றிலும் இடம் விட்டு அழகாக உட்காரும். நள்ளிரவு 12 மணி வாக்கில் நேர் தெற்கைக் கடக்கும். அந்த நிலத்தின் தெற்குப் பக்கம் புளியமரங்கள் வரிசையாக நிற்கின்றன. போன வாரம் போய், டெலஸ்கோப் வைக்கும் அதே இடத்தில் நின்று கைபேசியில் கோணம் அளந்தேன், மர உச்சி 25 பாகை. கொத்து 25 பாகைக்கு மேலே இருப்பது நள்ளிரவுக்கு முன்னால் ஒரு மணி ஐம்பது நிமிடம், பின்னால் அதே அளவு. பத்தே காலுக்குள் ஃபோகஸ் முடித்து முதல் படத்தைத் தொடங்க வேண்டும்.